25 சென்ட்டுக்கு ஊதுகிறேன்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

"சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம வாழணும்னு அயனம்பாக்கம் முழுக்க ஒரே பேச்சு. நீ ஜெர்மனியிலதான இருக்க, எதுல ஆரம்பிக்கிறதுன்னு சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். இங்கே எல்லாரும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறார்கள் என்று நினைப்பா? எல்லாம் காசு அக்கா, காசு!

தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் டெபாசிட். நம் காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். 2003-இல் கொண்டுவந்தார்கள். இன்று நூற்றுக்கு 98 பாட்டில் திரும்பிவிடுகிறதாம்.

அந்த மெஷின் இருக்கிறதே, அதற்குப் பாட்டில் உருக்குலையாமல் வேண்டும். லேபிளில் உள்ள கோடுகளைப் படித்தால்தான் காசு. நாமோ ரயிலில் தண்ணீர் குடித்ததும் பாட்டிலை முறுக்கி நசுக்கியே பழகியவர்கள். நசுக்கச் சொல்லி அதிலேயே அச்சடித்திருக்குமே! கை சும்மா இருக்குமா? நசுக்கிவிடும். மெஷின் துப்பிவிடும். உடனே வாயில் வைத்து ஊதுவேன். கொஞ்சம் உப்பும். போடுவேன். துப்பும். மறுபடி ஊதுவேன். பின்னால் வரிசை. இங்கே யாரும் திட்ட மாட்டார்கள், பெருமூச்சுதான் விடுவார்கள். அதற்கு நாலு வார்த்தை திட்டிவிடலாம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்த பிள்ளை, கடை நடுவில் நின்று நாதஸ்வரம் வாசிக்கிறான்.

ஒன்றுதான் மனசுக்கு ஒப்பவில்லை. இவ்வளவு பணக்கார ஊரில், ரயில் நிலையக் குப்பைத்தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாட்டில் தேடுகிறார்கள் வயசானவர்கள். பென்ஷன் போதவில்லையாம். அவர்கள் கையை விட்டுத் துழாவக் கூடாதென்று பலர் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறார்கள். இப்போது நானும் அப்படித்தான். ஊதுகிற வேலையும் மிச்சம்.

நம் ஊரிலும் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பை இயக்கமும் வந்தது. ஆனால் மாமா மீன் வாங்கிவருவது எதில்? அதே கறுப்புக் கவரில்! தடைக்கு மசியாதவர் பத்து ரூபாய்க்கு மசிவார். காட்டு விலங்குகளின் காலை உடைந்த பாட்டில் கிழிக்கிறதென்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் நீலகிரி டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பித் தந்தார்கள். குடித்தவர்களே பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள் அக்கா!

ஆகவே, வாசலில் ஓர் உண்டியல் வை. கவரோடு நுழைந்தால் பத்து ரூபாய். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கலந்தால் இருபது. மாமாவுக்குச் சலுகை கிடையாது. பொங்கலுக்கு நான் வந்துபோகிற டிக்கெட் காசு அவரிடமே தேறிவிடும்.

உன் தம்பி

பி.கு.: ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் அனுப்பாதே. இங்கே வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துத்தான் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்குமாம். அதற்காக ஊறுகாயே அனுப்பாமல் இருந்துவிடாதே. போன மாதமே தீர்ந்துவிட்டது.