முக்கண்ணன்

கே: ஏழாயிரம் கொடுத்து வாங்கிய புது போனில் மூன்று கேமரா. ஆனால், டீக்கடையில் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆவதற்குள் டீ ஆறிவிடுகிறது. '64 ஜிபி' என்றார்கள். அதற்குள் 'இடமில்லை' என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: ஆண்ட்ராய்டும், கேட்காமலே கம்பெனி கொடுத்த விளையாட்டு ஆப்களும் நீங்கள் குடிபோகும் முன்பே பாய் விரித்துப் படுத்தாயிற்று. மிச்ச இடம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் 'காலை வணக்கம்' ரோஜாப்பூக்களுக்கு! கேமராவில் உழைப்பது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணி. பெட்டியில் '8 ஜிபி ரேம்' என்றிருந்தால் பொடி எழுத்தையும் படியுங்கள். பாதி, ஸ்டோரேஜிடம் வாங்கிய கைமாற்றாக இருக்கும். 2016-ல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஒரு கம்பெனி அறிவித்ததும் முன்பதிவுக்கு முண்டியடித்தார்களே, அவர்களில் பலருக்குப் போனே வரவில்லை. உங்களுக்குத் திட்டுவதற்காவது ஒன்று கையில் இருக்கிறதே!