சாவிக்கொத்து சார்

ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் ரோட்டிலோ ஏதாவது ஓர் அடுக்ககத்தின் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு போனில் கன்னடமும் இன்னொரு போனில் இந்தியுமாகப் பேசிக்கொண்டிருப்பார். கையில் சாவிக்கொத்து. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்பது அவருக்கு மட்டுமே வெளிச்சம். நியூஜெர்சியில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டுக்கு மொத்தம் எத்தனை சாவி என்பதே தெரியாது. இவர்தான் பெங்களூருவின் பிராபர்டி மேனேஜர்.

வீட்டுக்காரர் தமிழர் என்றால், "எங்க அம்மா ஊர் கிருஷ்ணகிரி சார்" என்பார். தெலுங்கர் என்றால் அம்மா சித்தூருக்குப் போய்விடுவார். மலையாளிக்குப் பாலக்காட்டில் ஒரு சித்தப்பாவாவது கிடைப்பார். குடும்பம் இப்படிப் பரந்து கிடப்பதால் ஐந்து மொழியும் தடங்கலில்லாமல் வரும். ஆனால் எந்த மொழியிலும் இறந்தகாலம் மட்டும் வராது. பெயிண்டிங் "நடந்துகிட்டே இருக்கு". பிளம்பர் "வந்துகிட்டே இருக்கான்".

இவரை அமர்த்த நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க சார்ஜ் எவ்வளவு?" அவருக்கு அதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. சொல்வார், குறைப்பார், இன்னும் கொஞ்சம் குறைப்பார். வாடகை யார் கணக்கில் விழும், அட்வான்ஸ் யார் கையில் இருக்கும் என்று கேட்டால்தான் இரண்டாவது போன் அடிக்கும்.

அட்வான்ஸ் என்பது பெங்களூருவில் சில்லறை விஷயமல்ல. பத்து மாத வாடகை என்பது ஊரின் பழைய வழக்கம். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. அது மாதிரிதானே! ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வருபவரே இங்கே தர்மப்பிரபு. காலி செய்யும்போது அதிலிருந்து ஒரு மாத வாடகை 'பெயிண்டிங்' என்று கழியும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களோ இல்லையோ, அட்வான்ஸுக்கு அடித்துவிடுவார்கள்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று இருப்பதே நம்மவருக்குத் தெரியாது.

வரி என்றால் அவர் கொஞ்சம் கவிஞர். வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சொத்துவரி விகிதம், சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டைப்போல இரு மடங்கு. "நீங்களே இருக்கிறதா போட்டுட்டேன் சார், பாதி மிச்சம்!" என்று மகிழ்ச்சியாகத் தகவல் வரும். அபராத நோட்டீஸ் மட்டும் சொந்தக்காரர் பெயருக்கு வரும். வெளிநாட்டில் வாழ்பவருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினால், "இங்க யாரும் அதெல்லாம் கேக்கறதில்ல சார்" என்பார். அதை நம்பி ஒரு ஆடிட்டர் வாழ்கிறார்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய ரகம். சிரிக்க முடியாத ரகமும் உண்டு. பிராபர்டி மேனேஜ்மென்ட் நிறுவனம் ஒன்று வீட்டை மாத வாடகை பேசி எடுக்கும். அதையே வேறொரு குடும்பத்துக்குப் போக்கியத்துக்கு, பெங்களூரு பாஷையில் 'லீஸு'க்கு, பல லட்சம் ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு விட்டுவிடும். அந்தப் பணத்திலிருந்தே சொந்தக்காரருக்குச் சில மாதம் 'வாடகை' போகும். ஒருநாள் அதுவும் நின்று, போனும் அணைந்துவிடும். சொந்தக்காரர் பதறி வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர்கள் அவரைவிடப் பதறுவார்கள். பெங்களூரு காவல் நிலையங்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. மேனேஜருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில் வாடகைக்கு விட மட்டும் அனுமதி, போக்கியத்துக்கும் விற்பனைக்கும் இல்லை என்று எழுதச் சொல்லி வக்கீல்கள் தொண்டை கிழியக் கத்துவது இதனால்தான். தூக்கக் கலக்கத்தில் வாட்ஸ்அப்பில் பார்த்துக் கையெழுத்திடும் நியூஜெர்சிக்காரர் இந்த வரியைத்தான் தாண்டிவிடுகிறார்.

ஆப் வந்தால் இவர் ஒழிந்துவிடுவார் என்றார்கள். 2015இல் பெங்களூருவில் பிறந்த வாடகை வீட்டு ஆப்பான நெஸ்ட்அவேயில் ரத்தன் டாட்டாவே முதலீடு செய்தார். 2023இல் அதை ஆரம் பிராப்டெக் நிறுவனம் சுமார் 90 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. நம்மவர் அதே பைக்கில், அதே வாசலில்.

அதற்கும் காரணம் இருக்கிறது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். விலைப்பட்டியல் அரசிடம் இருந்தது. லாரி டிரைவரின் நம்பர் இவரிடம் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு டேங்கரை வரவழைக்கும் பொத்தான் எந்த ஆப்பிலும் இல்லை.

இவரை எடைபோடத் தெரிந்தவர்கள் அபூர்வம். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பேசும் தமிழ் மேடம். சார்ஜ் பற்றி மூச்சே விடமாட்டார்.

"கடைசியா காலி பண்ணிட்டுப் போன மூணு பேர் நம்பர் குடுங்க."

"இப்ப இருக்கறவங்க நம்பர் தரேன் மேடம். எல்லாம் ஐடி ஃபேமிலி."

"வேண்டாம். போனவங்க நம்பர்."

நெட்வொர்க் திடீரென்று மோசமாகிவிட்டது. சாயங்காலம் இரண்டு நம்பர் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மூணாவது ஆளோட பெயிண்டிங் காசுல இன்னும் தகராறு மேடம். பேசினா திட்டுவாரு."

மேடம் அவரையே அமர்த்திக்கொண்டார். பெயிண்டிங் பில்லை மட்டும் இனி தனக்கே நேராக அனுப்பச் சொல்லிவிட்டார்.