ஒரிஜினல் அண்ணாச்சி

தகரக் கொட்டகைக்குள் நாலு செங்கல் அடுக்குமேல் ஒரு கார், காருக்கு அடியில் இரண்டு கால்கள். பத்தமடைத் தெருவில் இப்படி ஒரு காட்சி கண்ணில் பட்டால் சத்தம் காட்டாமல் நடையைக் கட்டிவிடுவது உத்தமம். காலடிச் சத்தம் கேட்டால் அந்தக் கால்கள் பேசும். "யாரு? வாரும் வே. அந்த அரை இஞ்ச் ஸ்பேனரை எடும். அது இல்ல, அது மில்லிமீட்டரு. ஜப்பான்காரனுக்குத்தான் மில்லிமீட்டரு. இது ஒரிஜினல்."

மாட்டிக்கொண்டாயிற்று. இனி காபி வந்து, ஆறி, மறு காபி வரும்வரை விடுதலை கிடையாது.

இந்த இனத்தார் தாலுகாவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஒருவருக்கு மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இன்னொருவருக்குப் பாட்டனார் விட்டுப்போன செவர்லே. நம் அண்ணாச்சிக்கு வாய்த்தது காண்டஸா, 1986 மாடல். நீண்ட மூக்கு, நாலு உருண்டை ஹெட்லைட், அகலமான பின்பக்கம். 90களின் சினிமாவில் வில்லன் வந்து இறங்கும் கார் என்றால் எல்லோருக்கும் புரியும். அண்ணாச்சிக்கு மட்டும் அப்படிச் சொன்னால் பிடிக்காது. "இது அமெரிக்கன் மசில் காரு வே" என்பார்.

அமெரிக்காவுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பவர் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும். கேட்டாரா, போச்சு. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி. அதை 1925-இல் வாங்கியது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ். அந்த வாக்ஸால் 1972-இல் விக்டர் காரில் புது மாடல் ஒன்று விட்டது. அது அங்கே ஓய்ந்த பிறகு அச்சுகளை வாங்கிவந்து கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்ததுதான் காண்டஸா. 80களின் நடுவில் வந்து 2002-இல் நின்றது. ஆகவே அமெரிக்கன். உடம்பு இங்கிலாந்து, பெயர் இத்தாலி, பிறப்பு வங்காளம், எஞ்சின் நம்ம ஊர் அம்பாசடர். பின்னால் வந்த மாடல்களுக்கு இசுசு எஞ்சின், அதாவது ஜப்பான். பிறக்கும்போதே நாலு ஊர்ச் சாமான் சேர்த்துக் கட்டின வண்டி. அதில்தான் அண்ணாச்சி ஒரிஜினலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அசல் மசில் கார் என்பது வேறு. 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்தபோது அமெரிக்கப் பையன்கள் பித்துப்பிடித்து அலைந்ததற்குக் காரணம், நடுத்தரக் காருக்குள் ராட்சச எஞ்சினைத் திணித்திருந்ததுதான். 1966-இல் டாட்ஜ் சார்ஜரை ஹெமி எஞ்சினோடு வாங்கினால் 425 குதிரைச் சக்தி. அண்ணாச்சியின் காரில் இருப்பது 1489 சி.சி., சுமார் 50 குதிரை. மீதி 375 குதிரையையும் அண்ணாச்சி வாயாலேயே ஓட்டிவிடுகிறார்.

ஒரிஜினல் என்பதற்கு அவரிடம் உள்ள விளக்கம் மழைக்கு மழை மாறும். முதலில், கம்பெனியில் போட்ட சாமானாகவே இருக்க வேண்டும் என்றார். புதுப்பேட்டையில் ஒரு வாரம் தங்கித் தேடிய பிறகு, கம்பெனி சாமான் மாதிரி இருந்தால் போதும் என்றார். ஒரு ஐப்பசி அடைமழையில் கதவின் அடித்தகரம் அப்பளமாக உதிர்ந்தது. தகரம் வெட்டி வெல்டிங் வைத்து, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, அதன்மேல் பெயிண்டும் அடித்தார். "உள்ள இருக்க மனசு ஒரிஜினல் வே" என்றது அப்போதுதான். இப்போது ரேடியேட்டர் பேட்டையில் ஒரு பட்டறையில் செய்தது. வைப்பர் மோட்டார் வேனுடையது. பின்சீட் தையல் பந்தல் கடைக்காரர் கைவண்ணம். எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டதால், ஓய்வுபெற்ற டாக்ஸி அம்பாசடர் ஒன்றின் பிளாக்கை இறக்கிக்கொண்டார். "ரெண்டும் ஒரே எஞ்சின்தான வே, கம்பெனிக்காரனே அப்படித்தான செஞ்சான்." இதற்கு மட்டும் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதருக்குக் கைவேலை சுத்தம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்டில் பிடித்த கரியை உப்புத்தாளால் இரண்டே இழுப்பில் எடுப்பார். இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும். அளக்கும் தகடு எங்கே போனதோ! கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து இடுக்கில் நுழைத்து, இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் பிடிக்கு, விடுது... ஆங்" என்று திருகை முறுக்குவார். செல்ஃப் அடித்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், அந்தக் காரை எடைக்குப் போடச் சொல்ல மாட்டார்கள். அடுத்த நிமிஷம் புகை வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

புகைக்கு அவர் குறை சொல்வது பெட்ரோலை. இருபது சதவீதம் எத்தனால் கலந்து விற்பதால் பழைய ரப்பர் டியூப் ஊறிப்போகிறது, எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கில் துருப்பிடிக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசுவார். அத்தனையும் உண்மை. அவருடைய டேங்கில் பெட்ரோல் இருந்தால் இன்னும் உண்மையாக இருக்கும்.

மதினியின் வழக்கு தனி. அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பட்டுப்பாயில் இரண்டு பேர் பெயரும் நெய்திருக்கிறது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது இந்த ஊர் வழக்கம். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல்பாவில் கோத்து நெய்த பாய். துணி மாதிரி மடிக்கலாம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய சாமான். கியர் பாக்ஸ் கழற்ற முதுகுக்கு இதமாக இருக்கும் என்று அண்ணாச்சி அதைத்தான் காருக்கு அடியில் விரித்தார். ஆயில் ஒழுகி மதினி பெயரில் பாதி காணாமல் போய்விட்டது. அண்ணாச்சி பெயர் பளபளவென்று இருக்கிறது.

"ஒழுகுனது ஒழுகுச்சு, உங்க பேரு மேல ஒழுகக் கூடாதா?" என்றாள் மதினி.

"நான் அந்தப் பக்கம்லா படுத்திருந்தேன்" என்றார்.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. "எவ்வளவு குடுக்கும்?", "எப்பக் குடுப்பீரு?" முதலாவது மைலேஜ், இரண்டாவது பழைய இரும்புக்கடைக்காரர் சார்பில். இரண்டுக்கும் அண்ணாச்சி மறுபடி காருக்கு அடியில் போய்விடுவார்.

ஒருவழியாகப் போன மாதம் பதிவைப் புதுப்பிக்கக் கிளம்பினார். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகி, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. விடுபட்ட வருஷங்களுக்கு அபராதம் தனி. விண்டேஜ் என்று எழுதிவாங்கலாம் என்றால் ஐம்பது வயது ஆக வேண்டும், 2036 வரை பொறுக்கணும். வேலைக்கு வயசு கடந்துபோய், பென்ஷனுக்கு வயசு வராத குமாஸ்தா நிலைமை. மேலச்செவல் தாண்டுமுன் ரேடியேட்டர் கொதித்து, வாய்க்கால் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, எப்படியோ ஆபீஸ் வாசலில் கொண்டு நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்தார். சேஸிஸ் நம்பரைக் காணோம். ஏழு கோட்டு பெயிண்டுக்கு அடியில் இருந்தது. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்தார். அது சரி. எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை.

"எஞ்சின் மாத்தியிருக்கீங்களா?"

"ஒரிஜினல் சார்."

"நம்பர் வேறயால்ல இருக்கு?"

"ஒரிஜினல் அம்பாசடர் எஞ்சின் சார்."

"அப்ப அந்த அம்பாசடரக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கிண்டலாகச் சொன்னதுதான். அண்ணாச்சி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முன்னீர்பள்ளத்தில் ஒரு வீட்டு வாசலில் 1978 மாடல் மார்க் த்ரீ ஒன்று நிற்கிறதாம். கொட்டகையை நாலடி நீட்டக் கொத்தனாரிடம் பேசியாயிற்று. மதினிக்கு இன்னும் தெரியாது.