லூப்புக் கண்ணர்

அமெரிக்காவில் எந்த ஊர் நாணயச் சந்தைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். தங்கக் காசு மின்னும் மேசைகளை ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஒரு மூலையில், மலிவு விலைச் சில்லறைக் காசுகளைக் கொட்டி வைத்த டப்பா முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கழுத்தில் கயிறு, கயிற்றில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். அது இல்லாமல் மளிகைக் கடைக்குக்கூடக் கிளம்ப மாட்டார். மீதிச் சில்லறை வருமே!

காசை அடித்த அச்சு எங்கே சறுக்கியது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அவருக்கு இந்தப் பித்தை ஏற்றியது 1955ஆம் ஆண்டின் ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் அச்சு தயாரித்தபோது இரண்டாம் முறை அழுத்தியது சற்றே திருகிக்கொண்டது. லிங்கன் தலைக்கு மேலிருந்த எழுத்தும் பக்கத்திலிருந்த ஆண்டும் இரட்டை இரட்டையாக விழுந்தன. விஷயம் தெரிவதற்குள் அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போயின. அந்நாளில் சிகரெட் இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால், 23 சென்ட் பாக்கெட்டோடு மீதி இரண்டு சென்ட்டும் சேர்ந்தே வரும். பல காசுகள் அந்த வழியாகத்தான் ஜனங்களின் கைக்கு வந்தன. புகைத்தவர்களில் சிலருக்கு இருமலோடு யோகமும் அடித்தது. இன்று நல்ல நிலையில் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல்.

அதனால் நம்மவர் வங்கியில் 25 டாலர் கட்டி ஒரு பெட்டி வாங்கி வருவார். 50 சுருள், சுருளுக்கு 50 காசு. மொத்தம் 2,500 சென்ட். இரவெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி நடக்கும். பார்த்து முடித்ததை அதே வங்கியில் கட்டினால் அடுத்த வாரம் அதுவே திரும்பி வந்துவிடும் அல்லவா? ஆகவே எடுக்க ஒரு வங்கி, கொட்ட ஒரு வங்கி. கொட்டும் வங்கியின் காசாளர் இவர் தலை தெரிந்ததுமே காபி குடிக்க எழுந்துவிடுவார்.

நடுராத்திரியில் "இரட்டை!" என்று ஒரு கூச்சல் கேட்கும். பெரும்பாலும் அது அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்த வினை. அப்படிப்பட்ட காசில் எழுத்தின் ஓரம் தட்டையாக நசுங்கியிருக்கும். அசல் இரட்டிப்பில் எழுத்து உருண்டு, முனை பிளந்து நிற்கும். பின்னது பணம். முன்னதன் மதிப்பு ஒரு சென்ட்.

ஆனால் அவரை ஏமாற்றுவது சுலபமில்லை. 1937இல் டென்வரில் அடித்த 'மூன்று கால் காட்டெருமை' ஐந்து சென்ட்டை யாராவது நீட்டட்டும். அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததில் முன்கால் ஒன்று காணாமல் போன காசு அது. சாதாரணக் காசில் காலைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கும் எத்தர்களும் உண்டு. நம்மவர் காலைப் பார்க்கவே மாட்டார். லூப் நேரே வயிற்றுக்கு அடியில் போகும். அசலில் அங்கிருந்து தரைவரை பொடிப்பொடிப் புள்ளிகள் வரிசையாக இறங்கும், எருமை அவசரத்துக்கு ஒதுங்கியதுபோல. புள்ளி இல்லையா? பேரமும் இல்லை.

விலை பேசும்போதுதான் மனிதர் தடுமாறுவார். மார்கன் வெள்ளி டாலரில் அச்சுக்கு அச்சு வேறுபாடு கண்டுபிடித்து எண் கொடுத்தவர்கள் வான் ஆலனும் மாலிஸும். அவர்கள் பட்டியலிலிருந்து ஒரு மயிரிழைக் கீறலைப் பிடித்துக்கொண்டு, "இதுவரை கிடைத்தது நாலே நாலு! 1955 சென்ட் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, அதற்கு அந்த விலை. இதற்கு?" என்று மல்லுக்கு நிற்பார்.

வியாபாரி அலட்டிக்கொள்ள மாட்டார். "இதைத் தேடுபவர்கள் இரண்டே பேர் சார். அதில் ஒருவர் நீங்கள்."

வியாபாரி பக்கம்தான் நியாயம். 1955 சென்ட்டின் இரட்டை எழுத்து வெறுங்கண்ணுக்கே தெரியும். சேகரிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் 'ரெட் புக்' விலைநூலிலும் அதற்குத் தனி வரி உண்டு. மார்கன் டாலரிலும் ஃபேயும் ஆக்ஸ்மனும் தொகுத்த 'டாப் 100' பட்டியலில் ஏறியவற்றைத்தான் ஜனங்கள் தேடி வாங்குகிறார்கள். நம்மவருடைய கீறல் அதில் இல்லை. சாதாரண மார்கன் டாலருக்கு என்ன விலையோ, அதுதான் அதற்கும்.