கோப்பையா, ஆளா?

'எங்க கிளப் யூத் டீம் கப் அடிச்சிருச்சு' என்று டீக்கடையில் மார்தட்டுகிறார்களே! பொடியன்கள் வாங்கின கோப்பைக்கு இவ்வளவு அலட்டலா?
— கால்பந்து ரசிகர், திண்டுக்கல்

பளபளப்பைப் பார்த்தா பூட்டு வாங்குவீர்கள், உங்கள் ஊரில்? பூட்டித் திறந்து பார்த்துத்தானே! யூத் டீமுக்கும் அதே சோதனைதான். அலமாரியில் எத்தனை கோப்பை என்பதைவிட, சீனியர் டீமுக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதே கணக்கு. 2022-ல் மான்செஸ்டர் யுனைடெட் எஃப்.ஏ. யூத் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் 2 கோல் போட்டவர் கர்னாச்சோ. கூட ஆடியவர் மைனூ. 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் யுனைடெட் சீனியர் டீம் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று கவிழ்த்தபோது போட்ட 2 கோல்களும் இந்த இருவருடையவை. 'மற்றவர்கள் என்ன ஆனார்கள்?' என்பீர்கள். எந்த அகாடமியிலும் மேலே வருவது சிலர்தான். அந்தச் சிலருக்காகத்தான் அத்தனை செலவும். 'அது இங்கிலாந்து சார்' என்றால், 2017-ல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் கோலைப் போட்ட ஜீக்சன் சிங், மினர்வா அகாடமியிலிருந்து வந்தவர். பிறகு சீனியர் இந்திய அணிக்கும் ஆடினார்.

அதனால் மார்தட்டுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தப் பொடியன்களில் யாருக்கு இந்த வாரம் சீனியர் டீமின் பதினோரு பேரில் இடம்?