இறால் போனது, உப்பு தங்கியது

நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் வெளிநாட்டு முதலீடு வந்தால் நல்லதுதானே? – வாசகர், வேளாங்கண்ணி

வந்ததே! 1990களில் வெளிநாட்டுக் கூட்டோடு இறால் பண்ணையாக வந்தது. இறால் கப்பலேறியது, உப்பு மட்டும் நம் வயலிலேயே தங்கிவிட்டது. பண்ணைக் குட்டையில் தேக்கிய உப்பு நீர் கசிந்தால் பக்கத்துக் கிணறு கரிக்கும், நெற்பயிர் இலை நுனியிலிருந்து கருகும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் போட்டுக் காட்டிய கணக்கு: இறாலில் சம்பாதித்ததைவிட ஊர் இழந்ததே அதிகம். 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்நிய நிறுவனம் வந்தால் சுத்தமான தொழில்நுட்பமும் கூடவே வருமே?

கொடைக்கானலுக்கு என்ன வந்தது? நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிய பழைய பாதரச வெப்பமானி ஆலை, 1980களில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தது. 2001-ல் மூடினார்கள். மக்கள் விடாமல் போராடியதால் 2003-ல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மண்ணில் கலந்ததை யார் கப்பலேற்றுவது?

அப்படியானால் முதலீடே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். வேலை இல்லாத பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கிணறு கெட்டால் யார் பணம் கட்டுவது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடத் தயாரா என்று மட்டும் கேளுங்கள்.