இரண்டாவது கவுன்ட்டரில் அண்ணன்

பெர்த்தில் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் அதில் ஓர் ஒயின் அண்ணன் இருப்பார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊரான மார்கரெட் ரிவர் போகலாம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவர் தொப்பியோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிடுவார். பின்சீட்டில் அண்ணியும் குழந்தைகளும். ஸ்டியரிங் முன்னால் அண்ணன் ஏன் உட்காருவதில்லை என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அண்ணனின் கல்விமுறை எளிது. முதல் ஒயினரியில் கற்றுக்கொள்வார், இரண்டாவது ஒயினரியில் கற்றுக்கொடுப்பார்.

காலை பத்தரை மணிக்கு முதல் இடம். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் பெண் இரண்டு வாய் ஷார்டனே ஊற்றி, “இது ஜின்ஜின் குளோன். ஒரே குலையில் பெரிய பழமும் பொடிப்பழமும் கலந்து காய்க்கும்” என்று விளக்குகிறாள். அண்ணன் தலையாட்டுகிறார். வைவாவில் மாணவி சரியான பதில் சொன்னதும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஆட்டுவாரே, அந்தத் தலை. பிறகு கிளாஸோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கி என் காதருகே வந்து, “தம்பி, என்ன குளோன்னு சொன்னா?” என்பார்.

பதினொன்றரைக்கு இரண்டாவது இடம். ஊற்றுபவர் நரைத்த தாடிக்காரர். வருடக்கணக்காகக் கொடி வெட்டியவர் என்பது கையைப் பார்த்தாலே தெரியும். அவர் வாய் திறக்குமுன் அண்ணன் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கி, “ஜின்ஜின் குளோன். பொடிப்பழம் கலந்திருக்கும், கவனிச்சீங்களா?” என்கிறார். தாடிக்காரர் பணிவாக, “இது செமியான், சார்” என்கிறார். அண்ணன் அசரவில்லை. “அதுலயும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் குடித்துவிட்டார்.

திராட்சையாவது பரவாயில்லை. சரித்திரம் அண்ணன் கையில் கிடைத்தால் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் ஒரு சுற்றுப் பெருக்கும். நடந்தது இவ்வளவுதான். 1965-66 வாக்கில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, அதுவும் லூபின் பயறில் ஆராய்ச்சி செய்தவர், இந்தப் பகுதியின் தட்பவெப்பம் பிரான்ஸின் போர்தோவை ஒத்திருக்கிறது, இங்கே திராட்சை நடலாம் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு டாம் கல்லிட்டி என்ற பெர்த் இதய மருத்துவர் 1967-இல் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். மாஸ் வுட், கல்லன் என்று அடுத்தடுத்து வந்த தோட்டங்களை ஆரம்பித்தவர்களும் டாக்டர்கள்தான். முதல் கவுன்ட்டரில் இது வெறும் தகவல். இரண்டாவதில், “போர்தோவுக்கும் இதுக்கும் வித்தியாசமே கிடையாது.” மூன்றாவதில், “போர்தோக்காரனே இங்க வந்துதான் கத்துக்கிட்டுப் போறான்.” நான்காவதில் கல்லிட்டி ‘நம்ம டாக்டர்’ ஆகிவிட்டார். “ஹார்ட் டாக்டரே கொடி நட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?” என்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி கைப்பையைத் திறந்து அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினார்.

வல்லூறு கதை இன்னும் மேல். கல்லிட்டியின் ஆரம்பகாலப் பழங்களை சில்வர்-ஐ என்கிற பொடிக்குருவிகள் கொத்தித் தீர்த்தன. அவற்றை விரட்ட அவர் ஒரு வல்லூறைப் பழக்கினார். முதல் முறை அவிழ்த்துவிட்டதுமே அது ஒரே பறப்பாகப் பறந்து போய்விட்டது. வேலைக்கு வந்த அன்றே ஓடிப்போன அந்தப் பறவையின் படத்தை லேபிளில் போட்ட பெருந்தன்மையில்தான் கதையின் சுவையே இருக்கிறது. அண்ணனால் அதைத் தாங்க முடிவதில்லை. இரண்டாவது கவுன்ட்டரில் வல்லூறு கழுகு ஆனது. மூன்றாவதில் நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. கடைசி இடத்தில் வாயில் குருவியோடு வந்து டாக்டர் தோளிலேயே உட்கார்ந்துவிட்டது. எதிரே நின்ற பெண், “அப்படியா? எங்களுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள்” என்றாள். “டிரெய்னிங்ல எல்லாத்தையும் சொல்ல மாட்டாங்க” என்று அண்ணன் ஆறுதல் சொன்னார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணனைப் போல் கேட்பவர் கிடையாது. அந்தத் தாடிக்காரர், அண்ணன் மூச்சு வாங்கிய இடைவெளியில், மாரி மரத்தைப் பற்றிச் சொன்னார். அந்த மரம் நன்றாகப் பூத்த வருடம் குருவிகள் தேனுக்குப் போய்விடும், பூக்காத வருடம் திராட்சைக்கு வரும், அதனால் அறுவடை நெருங்கும்போது நாங்கள் கொடியைவிட மரத்தைத்தான் அதிகம் அண்ணாந்து பார்ப்போம் என்றார். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எந்த மாதம் பூக்கும், வலை போட்டால் போதாதா, மழை பெய்து பூ உதிர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அத்தனையும் உண்மையான கேள்விகள். தாடிக்காரர் முகம் மலர்ந்து, பட்டியலில் இல்லாத ஒரு பாட்டிலை உள்ளேயிருந்து எடுத்து வந்து ஊற்றினார். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்து தங்கும் மாதங்களில் தன் ஒயின் ஃபிரிட்ஜைக் காலி செய்து, இட்லி மாவு வைத்து, “இது மாவுக்குன்னே வாங்கினதும்மா” என்று சொல்கிற மனிதரை முழுதாக வெறுத்துவிட முடியாது.

ஆனால் எனக்குக் குறை உண்டு.

இந்த ஊர் நேச்சுரலிஸ்ட் முனைக்கும் லூவின் முனைக்கும் நடுவே, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து கிடக்கிறது. கோடை கொதிக்காமல், குளிர்காலம் உறையாமல் காப்பது கடல்காற்று. கேபர்நே சாவின்யோன் இங்கே இவ்வளவு நன்றாக விளைய அதுவும் ஒரு காரணம். இதை அண்ணன் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறார். அந்தக் கடலை எங்களுக்குக் காட்டியதில்லை. ஹேமலின் பேயில் முழங்கால் தண்ணீருக்குள் திருக்கை மீன்கள் காலுக்குப் பக்கத்திலேயே வந்து நீந்தும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் காரில் ஏற்றினோம். “பெரியப்பா, திருக்கை?” என்று கேட்டால், “போற வழிதானே.” 1896-இல் திறந்த லூவின் கலங்கரை விளக்கம், இந்தியப் பெருங்கடலும் தென்கடலும் சந்திக்கிற இடம் என்கிறார்கள், அதுவும் போற வழிதான். பஸ்ஸல்டனில் 1,841 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகும் மரப்பாலம், அதன்மேல் குட்டி ரயில். அது திரும்பி வரும் வழி. திரும்பி வரும்போது இருட்டு. பிள்ளைகள் எச்சில் கிண்ணம் எது, தண்ணீர் ஜாடி எது என்று கவுன்ட்டர்களில் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த எச்சில் கிண்ணம் எல்லாக் கவுன்ட்டரிலும் இருக்கிறது. ருசி பார், துப்பு, அடுத்ததற்குப் போ என்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். “காசு கொடுத்ததை எவனாவது துப்புவானா?” என்பார் அண்ணன். இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் எட்டினால் வண்டி ஓட்டக்கூடாது. ஆகவே, “தம்பி, நீதான் குடிக்க மாட்டியே.” போக ஏறக்குறைய 270 கிலோமீட்டர், வர அதே தூரம், நடுவில் தோட்டத்துக்குத் தோட்டம். அந்தி சாய்ந்தால் ரோட்டில் கங்காரு வேறு குதிக்கும். பக்கத்து சீட்டில் அண்ணன் குறட்டை.

நீண்ட வார இறுதியில் கவுன்ட்டருக்குப் பின்னால் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பெண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு, பின்னால் வரிசை வாசல்வரை நீள, அவளுக்கே அவள் வேலையைச் சொல்லிக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை குழுவில் அண்ணனின் கணக்கு வந்தது. சாப்பாடு, சீஸ், டேஸ்டிங் கட்டணம் எல்லாம் பெரியவர்கள் தலைக்குச் சமமாக. நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லையே என்று எழுதினேன். உடனே பதில்: “குடிக்கலேன்னா என்ன தம்பி, எவ்வளவு விஷயம் கத்துக்கிட்டே!” பெட்ரோல் கணக்கில் இல்லை.